இரட்டைத்தசை மரபணுவும் குறைந்துபோன கொழுப்பும்: டெவன் மாட்டுப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், ஒரு தந்தையும் மகளும் சேர்ந்து நடத்தும் பண்ணையில் நடந்தது இது. சவுத் டெவன் என்னும் உள்ளூர் இனத்தின் பசுக்களை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். மந்தையில் ஈனும் பருவத்தில் இருந்தவை 82. இரண்டு பொலிகாளைகள். ஈற்று முழுவதும் வசந்த காலத்தில். நான் பணியாற்றிய கால்நடை மருத்துவக் குழு பல ஆண்டுகளாக அந்தப் பண்ணையைக் கவனித்துவந்தது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி இதைப் பதிவு செய்கிறேன்.

சவுத் டெவன் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1891இல் இதற்கென வம்சாவளிப் பதிவேட்டுச் சங்கம் அமைந்தது. பிரிட்டனின் சொந்த இனங்களில் இதுவே உருவில் பெரியது. செம்பழுப்பு நிறத்தாலும் பருமனாலும் ‘ஆரஞ்சு யானை’ என்று அழைக்கிறார்கள். முன்பு கொழுப்பு மிகுந்த பாலுக்காகவும் வளர்க்கப்பட்டது. இறைச்சியில் தசைக்குள் மெல்லிய கோடுகளாகக் கொழுப்பு ஓடியிருப்பதுதான் இதன் பெருமை. இதே இனத்துக்குள், தசையை அளவுக்கு மீறி வளர்த்துக் கொழுப்பைக் குறைக்கும், ‘இரட்டைத்தசை’ எனப்படும் ஒரு மரபணு மாற்றமும் பல தலைமுறைகளாகப் பரவிக் கிடக்கிறது. இந்தப் பண்ணையின் சிக்கல் முழுவதும் அந்த முரணிலிருந்துதான் வந்தது.

பண்ணையின் வருமானத்துக்கு இரண்டு வழிகள். காயடித்த காளைகளில் பெரும்பாலானவை இறைச்சிக்கூடத்துக்குப் போகும். அங்கே உரித்த உடலின் வடிவத்துக்கு ஈ, யூ, ஆர், ஓ, பி என்ற எழுத்துகளும் (ஈ மிகச் சிறந்தது), மேற்கொழுப்புக்கு 1 முதல் 5 வரை எண்களும் (1 மிகக் குறைவு) இடப்பட்டு, அவற்றின்படி கிலோவுக்கு விலை தரப்படும். மீதி, மகள் ஏற்படுத்திக்கொண்ட தொடர்பின் வழியாக, பக்கத்து ஊர் இறைச்சிக் கடைக்குச் செல்லும். அந்தக் கடைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: தசைக்குள் கொழுப்பு ஓடிய முதுகுக்கறி.

கவனித்தவை

அடுத்தடுத்து மூன்று வசந்தங்களில் ஈற்றுச் சிரமம் கூடிக்கொண்டே வந்தது. முதல் ஆண்டில் தலையீற்றுக் கிடாரிகள் சிலவற்றுக்குக் கன்றை இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. கிடாரிகளுக்கு அது நடப்பதுதான் என்று யாரும் கவலைப்படவில்லை. அடுத்த ஆண்டில் நான்காம், ஐந்தாம் ஈற்றுப் பசுக்களும் திணறின. மூன்றாம் ஆண்டில் இரண்டு பசுக்களுக்கு வயிற்றை அறுத்துக் கன்றை எடுத்தோம். நல்ல தாய்ப்பசு ஒன்று, ஈற்றின்போது இடுப்பெலும்பின் உட்புறம் ஓடும் நரம்பு நசுங்கி, பின்கால்களை ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது. அது மீண்டும் எழவில்லை.

இறந்து பிறந்த கன்றுகள் முழு வளர்ச்சி பெற்றவை. கருச்சிதைவு நோய்களுக்கான சோதனைகளில் எதுவும் அகப்படவில்லை. பிறப்புவழியில் சிக்கி, மூச்சின்றி இறந்தவை அவை. உயிரோடு வந்தவற்றிலும் சில வேறு தோற்றத்தில் இருந்தன. தொடைத் தசைகள் புடைத்து, தசைக்கும் தசைக்கும் நடுவே விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். தோல் மெல்லியது. வால் வழக்கத்தைவிட முன்னால் ஏறியிருக்கும். எலும்புகள் ஒடுங்கியவை. ஓரிரு கன்றுகளுக்கு நாக்கு தடித்திருந்ததால் காம்பைப் பற்றிக் குடிக்க முடியவில்லை. சீம்பாலைக் குழாய் வழியாகக் கொடுத்துத்தான் காப்பாற்றினார்கள்.

வேறொரு புகார் தனியாக வந்துகொண்டிருந்தது. இறைச்சிக் கடைக்காரர், சில உடல்களின் முதுகுக்கறி வெளிறிப்போய்க் கொழுப்புக் கோடே இல்லாமல் இருப்பதாகச் சொன்னார். இறைச்சிக்கூடச் சீட்டுகளிலும் அதே கதை: வடிவத்துக்கு யூ, சிலவற்றுக்கு ஈயும்கூட, கொழுப்புக்கு 2. வடிவத்துக்குக் கூடுதலாகக் கிடைத்ததில் ஒரு பகுதி கொழுப்புக் குறைவால் பறிபோனது. தந்தை இதைத் தீவனக் கணக்கில் எழுதினார். ஈற்றுச் சிக்கலோடு சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் காரணம் இல்லை.

முதல் முடிவு: தீவனக் குறைப்பு

இரண்டாம் ஆண்டின் சிரமங்களுக்குப் பிறகு, பசுக்கள் கொழுத்துவிட்டன, அதனால் கன்று பெருத்து வழி சுருங்கிவிட்டது என்று கருதி, சினையின் கடைசி மாதங்களில் தீவனத்தைக் குறைத்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறிக் கொழுத்த பசுவுக்கு இடுப்புக் குழியில் கொழுப்பு சேர்ந்து ஈற்று கடினமாவது தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த மந்தையின் உடல்நிலை மதிப்பெண்கள் அப்படி இல்லை. நடுத்தரமாகவே இருந்தன.

விளைவு மோசமானது. கன்றுகளின் அளவு குறையவில்லை. தாய்களின் தெம்பு குறைந்தது, சீம்பால் மெலிந்தது, ஈன்றபின் மறுசினை தள்ளிப்போனது. சினையின் கடைசிக் கட்டத்தில் தாயைப் பட்டினி போட்டுக் கன்றைச் சிறிதாக்க முயல்வது எனக்கு எப்போதும் உறுத்தலான வழி. கன்றின் தசையிழைகளின் எண்ணிக்கை அதற்கு வெகு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கடைசி மாதப் பட்டினி தாயை வதைப்பதோடு சரி.

இரண்டு ஏடுகளை ஒன்றாக வைத்தது

திருப்பம் மகளிடமிருந்து வந்தது. மூன்றாம் ஆண்டின் இழப்புகளுக்குப் பிறகு, அவர் ஈற்றுப் பதிவேட்டையும் இறைச்சிக்கூடச் சீட்டுகளையும் தாய்வழி வாரியாக ஒரே தாளில் எழுதினார். எந்தப் பசுக் குடும்பங்களில் ஈற்று கடினமாக இருந்ததோ, அதே குடும்பங்களின் காளைகள்தான் யூவும் ஈயும் வாங்கி, கொழுப்புக்கு 2 வாங்கியிருந்தன. கடைக்காரர் குறை சொன்ன உடல்களும் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவை. தீவனம் காரணமாக இருந்திருந்தால், ஒரே தொட்டியில் தின்ற மற்றக் குடும்பங்களிலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாளைப் பார்த்ததும், இரட்டைத்தசை மரபணுவுக்கான சோதனையை எங்கள் குழு பரிந்துரைத்தது. பொலிகாளைகள் இரண்டுக்கும், ஈனும் பருவத்துப் பெண்மாடுகள் அனைத்துக்கும் காதுமடலில் சிறு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

எந்த மரபணுவுக்கும் ஒரு மாட்டிடம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் இருக்கும்; இனி ‘பிரதி’ என்று நான் சொல்வது மாற்றம் கொண்ட பிரதியை. 39 பெண்மாடுகளில் மாற்றம் இல்லை. 41 மாடுகளில் ஒரு பிரதி இருந்தது. இரண்டில் இரு பிரதிகளும் இருந்தன. பொலிகாளைகள் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி.

கணக்கு எளிது. ஒரு பிரதி உள்ள காளையும் ஒரு பிரதி உள்ள பசுவும் சேர்ந்தால், நான்கில் ஒரு கன்றுக்கு இரு பிரதிகளும் வந்து சேரும். 41 பசுக்களுக்கு அப்படிச் சுமார் 10. இரு பிரதி உள்ள இரண்டு பசுக்களிடமிருந்து சராசரியாக ஒன்று. ஆண்டுதோறும் பதினோரு கன்றுகள் இரட்டைத்தசையோடு உருவாகிக்கொண்டிருந்தன. ஈற்றுப் பதிவேட்டில் இருந்த துன்பத்தின் அளவு இதற்கு ஒத்துவந்தது.

மரபணு செய்வது என்ன

தசை அளவோடு வளர உடலே ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது. அதுதான் மையோஸ்டாட்டின் என்னும் புரதம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸாண்ட்ரா மெக்பெரான், சே-ஜின் லீ ஆகியோரின் குழு 1997இல் அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிகளைப் பற்றி எழுதியது. அந்த எலிகளின் தசைகள் இயல்பைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு எடை கொண்டிருந்தன. அதே ஆண்டிலேயே, பெல்ஜியத்தின் லியேஜ் குழு உட்படப் பலர், பெல்ஜியன் புளூ மாடுகளின் இரட்டைத்தசைக்கும் இதே மரபணுதான் காரணம் என்று காட்டினார்கள். மாடுகளில் அது 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பெல்ஜியன் புளூவில் அதன் மூன்றாம் பகுதியிலிருந்து 11 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போயிருந்தன. மூன்று மூன்றாகப் படிக்கப்படும் வரிசையில் 11 எழுத்துகள் போனால் அதன் பிறகு எல்லாமே தப்பாகப் படிக்கப்படும். புரதத்தின் செயல்படும் முனை உருவாகவே உருவாகாது. சவுத் டெவனில் இருப்பதும் இதே 11 எழுத்து இழப்புதான்.

மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தத் தோற்றம் புதிதல்ல. 1807லேயே ஜார்ஜ் கல்லி என்னும் ஆங்கிலேயப் பண்ணையாளர் இப்படிப்பட்ட மாடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில் 1886இல் புடைத்த தொடைகளோடு தோன்றிய ஒரு காளையிலிருந்து அப்பகுதி மாட்டினத்தின் போக்கே மாறியது. அங்கே நிகழ்ந்திருப்பது வேறு மாற்றம்: புரதத்தின் 313ஆம் இடத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் டைரோசின் என்னும் வேறொன்று. லிமூசின் இனத்தில் பரவலாக இருப்பது இன்னொன்று. அது மென்மையானது. தசையை ஓரளவு கூட்டிக் கொழுப்பைக் குறைத்தாலும் ஈற்றை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ‘இரட்டைத்தசை மரபணு’ என்று பொதுவாகப் பேசுவது போதாது என்பதற்கு இதுவே காரணம். எந்த மாற்றம், எத்தனை பிரதி என்ற இரண்டும் தெரியாமல் ஒரு காளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

கொழுப்பு ஏன் குறைகிறது என்பதுதான் இந்தப் பண்ணைக்கு முக்கியமான கேள்வி. கருவில் தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் இணைப்புத் திசுச் செல்லும் ஒரே மூலச் செல்களின் கூட்டத்திலிருந்து பிரிகின்றன. மையோஸ்டாட்டின் இல்லாதபோது தசையின் பக்கம் போவது கூடுகிறது. பிறக்கும்போதே கன்றுக்கு இயல்பைவிட மிக அதிகமான தசையிழைகள் இருக்கும். அந்த இழைகளிலும், குளுக்கோஸை எரித்து வேகமாகச் சுருங்கும் வெளிறிய வகையே மிகுந்திருக்கும். கொழுப்பை எரிபொருளாகக் கொள்ளும் சிவந்த இழைகள் குறையும். இறைச்சி வெளிறியிருப்பதாகக் கடைக்காரர் சொன்னது சரியான கவனிப்பு. இணைப்புத் திசு குறைவதால் இறைச்சி மிருதுவாகத்தான் இருக்கும். ஆனால் நெருப்பில் உருகிச் சுவை தரும் உட்கொழுப்பு இருக்காது.

வளரும் மாட்டில் கொழுப்பு சேர்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் சிறுநீரகத்தைச் சுற்றி, பிறகு தசைகளுக்கு இடையே, அதன் பின் தோலடியில், கடைசியாகத் தசைக்குள். உட்கொழுப்பு வரிசையின் கடைசியில் நிற்பதால், மொத்தக் கொழுப்பைக் குறைக்கும் எதுவும் முதலில் அதைத்தான் பாதிக்கும்.

கண் தேர்ந்தெடுத்தது

காளைகள் இரண்டிலும் ஒவ்வொரு பிரதி இருந்தது தற்செயல் அல்ல. மாடு பார்த்துத் தேர்வதில் தந்தை பெயர்பெற்றவர், கைதேர்ந்தவர். மந்தைக்கு வைத்துக்கொள்ளும் கிடாரிகளையும், வாங்கும் காளைகளையும், பின்தொடையின் நிறைவைப் பார்த்தே தேர்ந்தெடுத்தார். ஒரு பிரதி உள்ள மாடு இரு பிரதி உள்ளதைப் போல விகாரமாகப் புடைத்திருக்காது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் நிறைவாக, கொஞ்சம் எடையாக, மிக அழகாக இருக்கும். கண்காட்சிகளில் பரிசு வாங்குவதும் அதுதான். தலைமுறை தலைமுறையாக அழகான கிடாரிகளை வைத்துக்கொண்டே வந்தபோது, யாரும் அறியாமல் மந்தையில் பாதிக்கு ஒரு பிரதி வந்து சேர்ந்திருந்தது. பிரதி உள்ள மாடுகள் குறைவாக இருந்தவரை இரு பிரதிக் கன்று அபூர்வம். பாதியைத் தொட்டபோதுதான் துன்பம் கண்ணுக்குத் தெரிந்தது.

இதைத் தந்தையிடம் விளக்கியது கடினமான உரையாடல். அவருடைய கண் தவறவில்லை. அது தேடியதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தது. நிறைவான தொடைக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பிரித்தறிய வழி கிடையாது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, இனி என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பிரதி உள்ள 43 மாடுகளையும் கழித்துவிடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. மகள் அந்தப் பக்கமே இருந்தார். நாங்கள் எதிர்த்தோம். பாதி மந்தையை இழப்பது பணத்தால் தாங்காது என்பது ஒருபுறம் இருக்க, நல்ல பால், நல்ல கால், நீண்ட ஆயுள் கொண்ட குடும்பங்களும் அவற்றில் இருந்தன. எண்ணிக்கையில் சிறிய ஓர் இனத்தில், ஒரே ஒரு மரபணுவுக்காக மற்ற எல்லாவற்றையும் வீசிவிடுவது சரியல்ல.

எதிர்த்திசையில் ஒரு பாதையும் இருந்தது. பெல்ஜியத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்ததைப் போல இரட்டைத்தசையையே குறிக்கோளாகக் கொள்வது. அங்கே அந்த இனத்தில் கன்றுகள் பெரும்பான்மையாக அறுவைச் சிகிச்சையால்தான் வெளியே வருகின்றன. பீட்மான்ட்டில் ஈற்றின் எளிமையையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து வந்ததால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனால் அது பல தலைமுறை வேலை. இந்தக் குடும்பம் அறுவைச் சிகிச்சையை வழக்கமாக்க விரும்பவில்லை. எங்களுக்கும் மனம் ஒப்பவில்லை. பசு தானாக ஈன முடியாத ஒரு மந்தையை வேண்டுமென்றே உருவாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேர்ந்தெடுத்த வழி, காளைகளை மட்டும் மாற்றுவது. பிரதி இல்லாத காளை இறங்கினால், தாய் எதுவாக இருந்தாலும் இரு பிரதிக் கன்று பிறக்க வாய்ப்பே இல்லை. 82 பெண்மாடுகளைத் தொடாமல் இரண்டு காளைகளை மாற்றினால் ஒரே ஆண்டில் ஈற்றுச் சிக்கலின் வேர் அறுபடும். பிரதி உள்ள பசுவின் கன்றுகளில் பாதிக்கு ஒரு பிரதி வரும். அவை இறைச்சிக்கூடத்துக்குப் போகும்; அங்கே ஒரு பிரதி நன்மைதான். பிரதி இல்லாத கிடாரிகளிலிருந்து மட்டுமே மந்தைக்கு எடுப்பது. இரு பிரதிப் பசுக்கள் இரண்டையும் இனி சினைப்படுத்துவதில்லை.

புதிய காளைகளைத் தேர்வதில் மையோஸ்டாட்டின் சோதனை முதல் சல்லடை மட்டுமே. உட்கொழுப்பு பல மரபணுக்களின் கூட்டு வேலை. ஒரு சோதனைச் சீட்டால் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே ஈற்று எளிமை, தசை ஆழம், விலா எலும்புகளுக்கு மேலே அல்ட்ராசவுண்டில் அளந்த கொழுப்பு ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட இனப்பெருக்க மதிப்புகளையும், அதாவது காளை தன் கன்றுகளுக்கு அந்தப் பண்புகளை எவ்வளவு கடத்தும் என்ற மதிப்பீடுகளையும், கேட்டு வாங்கினோம்.

பழைய காளைகளை என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மூத்த காளைக்கு நல்ல விலை தர ஒருவர் தயாராக இருந்தார். அவரும் சவுத் டெவன் மந்தை வைத்திருப்பவர். விவரத்தைச் சொல்லாமல் விற்கவே கூடாது என்று மகள் உறுதியாக நின்றார். சொன்னதும் வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். இரண்டும் இறைச்சிக்குப் போயின. முன்பு அதே காளையை இரவல் வாங்கிய பக்கத்துப் பண்ணைக்கும் தந்தை தானே போய்ச் சொன்னார். அந்தச் செயலை இந்தப் பதிவின் மிக நல்ல பகுதியாக நான் கருதுகிறேன்.

தொடர்ந்து நடந்தவை

சோதனை முடிவு வந்தபோது மந்தை ஏற்கெனவே சினையாகியிருந்தது. இன்னும் ஒரு கடினமான வசந்தம் வரத்தான் செய்யும் என்று தெரிந்தே தயாரானோம். பிரதி உள்ள பசுக்களைத் தனித் தொழுவத்தில் வைத்து இரவும் பகலும் பார்த்தார்கள். தீவனம் பழைய அளவுக்குத் திரும்பியது. கன்றின் தோள் இடுப்புக்குள் இறங்காது என்று தெரிந்தால் இழுத்துப் போராடாமல் உடனே அறுவைச் சிகிச்சை என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்தோம். அறுவைகளின் எண்ணிக்கை அந்த ஆண்டு கூடியது. தாய்களில் ஒன்றை மட்டும் இழந்தோம். உயிரோடு வந்த கன்றுகள் முந்தைய ஆண்டைவிட அதிகம்.

அதற்கு அடுத்த வசந்தத்தில் புதிய காளைகளின் கன்றுகள் பிறந்தன. காது வில்லை போடும்போதே எல்லாவற்றுக்கும் மாதிரி எடுக்கப்பட்டது. இரு பிரதிக் கன்று ஒன்றும் இல்லை. கை வைக்க வேண்டியிருந்தவை, கால் மடிந்தோ பின்புறமாகவோ வந்த சில கன்றுகள் மட்டுமே. பசுக்களின் மறுசினையும் பழைய ஒழுங்குக்கு வந்தது.

இறைச்சிக்கூடச் சீட்டுகள் கலவையாக வந்தன. ஈ மறைந்தது, யூ குறைந்தது, ஆர் கூடியது. கொழுப்பு 3க்கும் 4க்கும் நகர்ந்தது. கிலோ விலையில் சிறு இழப்பு உண்டு. இறந்த கன்றுகளும் இழந்த தாய்களும் மருத்துவச் செலவும் குறைந்ததை அதோடு சேர்த்துப் பார்த்தபோது பண்ணை முன்னேறியிருந்தது. கடைக்காரர் கூடுதல் உடல்களைக் கேட்டார். எல்லாம் சரியாகிவிடவில்லை. பிரதியே இல்லாத சில மாடுகளின் முதுகுக்கறியும் கோடுகளின்றி இருந்தது. அதற்கு மற்ற மரபணுக்களும், புல்லில் மட்டுமே கொழுக்கவைத்த காலத்தின் நீளமும் காரணம்.

மாற்ற வேண்டியவை

காளை வாங்கும் முன் சோதனைச் சீட்டு கையில் இருக்க வேண்டும். காளையின் விலையோடு ஒப்பிட்டால் அதன் செலவு பொருட்டே இல்லை. இந்த இனத்தில் மாற்றம் இருப்பது தெரிந்ததுதான் என்பதால், பள்ளம் விழுந்த தொடையோடு முதல் கன்று பிறந்த அன்றே மாதிரி எடுத்திருந்தால் இரண்டு வசந்தங்கள் மிஞ்சியிருக்கும். இறந்து பிறந்த கன்றுகளை அடக்கம் செய்ய அனுப்பிவிட்டதால், முந்தைய இழப்புகளில் எத்தனை இரட்டைத்தசையால் நேர்ந்தவை என்பதை உறுதிப்படுத்த வழி இல்லாமல் போயிற்று. இப்போது அந்தப் பண்ணையில் இறந்த கன்று ஒவ்வொன்றிலிருந்தும் காதுத் துண்டு ஒன்று எடுத்து வைக்கப்படுகிறது.

ஈற்றுப் பதிவேடும் இறைச்சிக்கூடச் சீட்டும் ஒரே ஏட்டில், தாய் எண்ணின் கீழ் எழுதப்படுகின்றன. மற்றப் பண்ணைகளுக்கும் நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். பிரதி உள்ள பழைய பசுக்கள் இன்னும் பல மந்தையில் இருக்கின்றன. அவை வயதாகி விலகும்வரை, பிரதி இல்லாத காளை மட்டுமே இறங்கும் என்ற விதியைத் தந்தையும் மகளும் தளர்த்துவதாக இல்லை.